இடறியவன் விரதியா?

விரதம் எடுப்பதற்கு எளிது, காப்பதற்கு அரிது. இதனை அறியாதார் நம் குடும்பங்களில் இலர். ஆயினும், எடுத்த விரதம் ஒருநாள் உடைந்துபோனால் அதன்பின் செய்யத்தக்கது யாது என்னும் வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. உடைத்தவர் வாய் திறப்பதில்லை. உடன் இருப்பவர் கேட்பதில்லை. அண்மையில் இந்த வினா எம் வீட்டுத் திண்ணைக்கே வந்து அமர்ந்தது. அதனை நம் இதழின் வாசகர் முன் வைத்து ஆராய்தல் நலம் என்று கருதுகிறோம்.

எம் ஒன்றுவிட்ட தங்கையின் மகன் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தவன். சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கூடம் ஒன்றில் கணக்கு எழுதுகிறான். பள்ளிப் பணியின் பொருட்டு இவ்வூருக்கு வந்த நாம், ஓய்வுக்குப் பின்னும் இங்கேயே தங்கிவிட்டமையால், அவனுக்கு இவ்வூரில் உறவென்று சொல்ல எம் வீடு ஒன்றே உண்டு. பதினெட்டு வயதில் பற்றிக்கொண்ட பீடிப் பழக்கம் அவனை விடவில்லை. மகாவீர் ஜயந்தியன்று எம்முடன் கழுகுமலைக்கு வந்தான். இங்கிருந்து கோவில்பட்டி சாலையில் இருபது கிலோமீட்டர் அளவில் உள்ள அந்த மலையில், பாண்டியர் காலத்து அறவோர் செதுக்குவித்த தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாக இன்றும் இருக்கின்றன. நாகப்படம் கவிந்த பார்சுவநாதர் திருவுருவின் முன் நின்று, “ஆயுள் உள்ளவரை இனிப் பீடி தொடேன்” என்று கூறிக் கைகூப்பினான். நாம் மகிழ்ந்தோம்.

தொண்ணூறு நாள் அந்தச் சொல் நின்றது. ஆடி மாதத்தில் ஒரு நாள் சரக்கு அனுப்பத் தாமதமாகி, தறிக்கூடத்தில் நள்ளிரவு வரை இருக்க நேர்ந்தது. வெளியே தேநீர்க் கடையில் நின்றபோது, உடன் நின்ற தறிக்காரர் ஒருவர் வழக்கம் போலக் கட்டிலிருந்து ஒன்றை உருவி நீட்டினார். கை தானாக வாங்கிக்கொண்டது. அன்று ஒன்று, மறுநாள் நான்கு, அந்த வாரம் முடிவதற்குள் பழைய கணக்கு முழுவதும் திரும்பிவிட்டது. எம்மிடம் வந்து இதனைச் சொன்னவன், இறுதியில் ஒரு முடிவையும் சொன்னான்.

“பெரியம்மா, விரதம் எடுக்காதவன் பீடி குடித்தால் அவனுக்குப் பாவம் ஒன்று. எடுத்து உடைத்தவனுக்குப் பாவம் இரண்டு. எனக்கு அந்த இரண்டாவது பாவம் வேண்டாம். இனி நான் விரதமே எடுக்கப்போவதில்லை.”

நாம் உடனே விடை கூறவில்லை. விடை கூறும் தகுதி எமக்கு உண்டா என்ற ஐயமும் இருந்தது. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம். அவன் கணக்கு மேலோட்டத்தில் சரியாகவே தோன்றுகிறது. பணிவு போலவும் ஒலிக்கிறது. நம்மில் பலர் வேறு சொற்களில் இதே கணக்கைப் போட்டிருக்கிறோம். ஆகவே, கணக்கில் பிழை எங்கே என்று பார்த்தல் வேண்டும்.

முதலில் புகையிலையைப் பற்றிச் சிறிது கூறுவோம். நம் நூல்கள் விலக்கிய ஏழு வியசனங்களில் புகையிலை இல்லை. அச்செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. போர்த்துக்கீசியர் வழியாகவே இந்நாட்டுக்கு வந்தது. ஆகையால் பண்டை ஆசாரியர் அதன் பெயரைக் கூற வழியில்லை. ஆயினும் சமந்தபத்திராசாரியார் இயற்றிய இரத்தின கரண்டக சிராவகாசாரம் இல்லறத்தார்க்கு நுகர்பொருள்களின் அளவை வகுக்கும் இடத்தில், உடலுக்குத் தீங்கானவற்றையும், நல்லோர் நுகரத் தகாதவற்றையும் விடுக என்று பொதுவாக விதித்துள்ளது. புகையிலை இவ்விரண்டினுள்ளும் அடங்கும். அன்றியும், நெருப்பையும் காற்றையும் உடலாகக் கொண்ட உயிர்கள் உள என்று ஏற்கும் நாம், தேவையின்றித் தீ மூட்டிப் புகை பரப்புவதைச் சிறுசெயல் என்று தள்ள இயலாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் புகையிலையால் இறக்கின்றனர். அவர்களுள் தாம் புகைக்காமல் பிறர் விட்ட புகையைச் சுவாசித்தே இறப்போரும் பல லட்சம் பேர். எனவே இது தன் உடலை மட்டும் வருத்தும் பழக்கம் அன்று. கொல்லாமை விரதத்தோடு தொடர்புடையது.

இனி, விட்ட பழக்கம் மீள்வது ஏன்? உறுதி இன்மையால் என்று கூறிவிடுதல் எளிது. புகையை உள்ளிழுத்த பத்து, இருபது வினாடிகளுக்குள் நிக்கோட்டின் மூளையை அடைகிறது. நாள்தோறும் பன்முறை இவ்வாறு நிகழும்போது, மூளை அதனை எதிர்பார்த்தே இயங்கக் கற்றுக்கொள்கிறது. நிறுத்தியவுடன் எரிச்சல், தூக்கமின்மை, மனச்சோர்வு, கவனக்குறைவு ஆகியவை தோன்றி, முதல் சில நாள்களில் உச்சத்தை அடைந்து, மூன்று நான்கு வாரங்களில் தணிகின்றன. உடலின் ஏக்கம் தணிந்த பின்னும் நினைவின் ஏக்கம் தணிவதில்லை. தேநீர்க் குவளை, இரவுப் பணி, பழைய நண்பர், ஒரு துக்க வீடு என ஏதேனும் ஒன்று அதனை எழுப்பிவிடும். எவர் துணையும் மருந்தும் இன்றித் தாமே விட முயல்வோருள், ஓராண்டளவில் நிலைத்து நிற்போர் நூற்றுக்கு நான்கைந்து பேரே என்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர். சிக்மண்டு பிராய்டு மனத்தின் ஆழங்களை ஆராய்ந்தவர். மருத்துவர் விலக்கியும், 1923இல் வாயில் புற்றுநோய் கண்டு முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் செய்துகொண்டும், சுருட்டை அவரால் விட முடியவில்லை. பிறர் மனத்தை அறிந்தவர்க்கும் இது வசப்படவில்லை என்றால், தறிக்கூடத்துக் கணக்கன் ஒருவனை ஒரே சொல்லால் இகழ்ந்துவிடல் ஆகுமா?

இங்கு மற்றொன்றையும் நாம் மறத்தல் ஆகாது. பீடியின் இலை மத்தியப் பிரதேசம், சத்தீசுகர், ஒடிசா முதலிய மாநிலங்களின் காடுகளிலிருந்து வருகிறது. அதனைச் சுற்றுவதோ தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களின் ஊர்களில், மடியில் முறத்தை வைத்துக்கொண்டு அமரும் பெண்களின் விரல்கள். எம்மிடம் பயின்ற மாணவியர் பலரின் கட்டணமும் பாவாடையும் அந்த முறத்திலிருந்தே வந்தன. புகையிலைத் தூளை நாள்தோறும் சுவாசித்து இருமிய தாய்மார்களை நாம் அறிவோம். ஒரு வட்டாரத்தின் வயிற்றுப்பாடே ஒரு தீய பொருளின்மேல் நிற்கும்போது, அங்கு ஒருவன் விடுவதற்குத் தடுமாறினால், அத்தடுமாற்றம் அவனுடைய குற்றம் மட்டும் அன்று.

இவ்வளவும் இரக்கத்துக்குக் காரணம் கூறின. கணக்குக்கு விடை கூறவில்லை. அவன் வாதத்துக்கு வருவோம். விரதம் இல்லாதவனுக்குப் பாவம் ஒன்று என்றானே, அதுவே முதற்பிழை. தத்துவார்த்த சூத்திரத்தின் எட்டாம் அத்தியாயத்தில் உமாசுவாமி வினைக்கட்டுக்கு ஐந்து காரணங்களைக் காட்டுகிறார். மித்தியாத்துவம், அவிரதி, பிரமாதம், கஷாயம், யோகம் என்பன அவை. இவற்றுள் அவிரதி என்பது விரதமின்மை. தீய செயலைச் செய்வது மட்டும் அன்று, அதனை விடாமல் வாயிலைத் திறந்தே வைத்திருப்பதும் வினைக்குக் காரணம் என்பது கருத்து. விரதம் எடாதவன் பீடி குடிக்காமல் உறங்கும் பொழுதிலும் அவ்வாயில் திறந்தே கிடக்கிறது. எடுத்து உடைத்தவனுக்கோ தொண்ணூறு நாள் வாயில் அடைபட்டிருந்தது. ஒரு நாள் திறந்தது. இவ்விருவருள் பின்னவனே பெரிய இழப்பாளன் என்று எந்தக் கணக்கர் எழுதுவார்?

இரண்டாம் பிழை, விரதத்தை மண்பானை போல் எண்ணியது. பானை விழுந்தால் உடைந்தது, உடைந்தால் ஓடு. நம் ஆசாரியர்கள் விரதத்தை அவ்வாறு எண்ணவில்லை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் நற்காட்சிக்கும், ஐந்து அணுவிரதங்களுக்கும், ஏழு சீலங்களுக்கும், சல்லேகனைக்கும் தனித்தனியே ஐந்தைந்து அதிசாரங்களை எண்ணிக் கூறுகிறது. கூட்டினால் எழுபது. விரதியானவன் எங்கெங்கு வழுக்குவான் என்பதை எழுபது இடங்களில் குறித்துவைத்த நூல், வழுக்கியவனைக் கண்டு திகைக்குமா? மலைப்பாதை அமைப்பவர் வளைவுதோறும் தடுப்புக்கல் நடுவது, அவ்வழியே மக்கள் நடப்பர் என்பதனாலும், நடப்போர் இடறுவர் என்பதனாலும் அன்றோ?

இடறுதலிலும் படிகளை வகுத்தனர். மனத்தின் தூய்மை குலைதல் அதிக்கிரமம். விரதத்தின் வேலியைத் தாண்டுதல் வியதிக்கிரமம். விலக்கியதில் ஒருமுறை ஈடுபடல் அதிசாரம். தடையின்றி அதிலேயே மூழ்கிவிடுதல் அனாசாரம். தேநீர்க் கடையில் கையில் வாங்கிய ஒரு பீடி அதிசாரம். “இனி என்ன, எல்லாம் போயிற்று” என்று மறுநாள் நான்கும் அதற்கு மறுநாள் பத்துமாகச் சென்றது அனாசாரம். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு அவனைத் தள்ளியது நிக்கோட்டின் மட்டும் அன்று. “எல்லாம் போயிற்று” என்ற எண்ணமே பெரிதும் தள்ளியது. ஆலன் மார்லட் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் ஜூடித் கார்டன் என்பாருடன் 1985இல் வெளியிட்ட நூலில் இதனையே விளக்கினார். ஒருமுறை வழுக்குதல் வேறு, முற்றும் மீளுதல் வேறு. வழுக்கியவன் அதனைத் தன் இழிவுக்குச் சான்றாகக் கொண்டு மனம் உடையும்போதே வழுக்கல் வீழ்ச்சியாகிறது என்பது அவர் கண்ட முடிவு. நம் முன்னோர் அதிசாரத்துக்கும் அனாசாரத்துக்கும் இடையே கோடு கிழித்தமையின் பயனை அந்த நூல் எமக்கு மேலும் தெளிவாக்கியது.

பதினான்கு குணஸ்தானங்களைக் கற்றோர்க்கு இது வியப்பன்று. துறவியே ஆறாம் நிலைக்கும் ஏழாம் நிலைக்கும் இடையே ஊசல்போல் மாறி மாறி இயங்குகிறார் என்கிறது ஆகமம். பதினோராம் நிலையோ இன்னும் கருதத்தக்கது. அங்கு மோகம் முழுவதும் அடங்கியிருக்கிறது, ஆனால் அழியவில்லை. தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலக்கினால் கலங்கல் நீர் தெளியும், சேறு அடியில் படியும். குடம் அசைந்தால் மீண்டும் கலங்கும். உரையாசிரியர்கள் உபசமத்துக்குக் காட்டும் உவமை இது. அந்நிலையில் ஒரு முகூர்த்தத்துக்கும், அதாவது நாற்பத்தெட்டு நிமிடத்துக்கும், குறைவாகவே நிற்க முடியும். பின்னர் நுண்ணிய லோபம் தலைதூக்க, அவர் கீழிறங்குகிறார். அவ்வளவு உயர்ந்தவரும் இறங்குவர் என்றால், இறங்குதல் இழிந்தோர்க்கே உரியது என்று கூறுவது எவ்வாறு? இறங்கியவர் மீண்டும் ஏறலாம் என்பதும் ஆகமமே. அதே உவமை ஓர் எச்சரிக்கையும் தருகிறது. தொண்ணூறு நாள் தெளிந்திருந்த நீரைக் கண்டு சேறு நீங்கிற்று என்று எண்ணியதே எம் மகனின் தவறு. எம் தவறும் அதுவே. குடத்தை அசையாமல் காக்கவும், சிறிது சிறிதாகச் சேற்றை நீக்கவும் அவனுக்கு நாம் கற்பிக்கவில்லை. மகிழ்ந்ததோடு நின்றோம்.

ஆயின், எது விரதியை விரதி அல்லாதவன் ஆக்கும்? உமாசுவாமி விரதியின் இலக்கணத்தைக் கூறும்போது, உள்ளே முள் தைத்திருத்தல் கூடாது என்கிறார். அம்முட்கள் மூன்று: மாயை, மித்தியாத்துவம், நிதானம். மாயை என்பது வஞ்சகம். உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டல். ஒருமுறை இடறியதை அவர் முள் என்னவில்லை. இடறியதை மறைத்தலே முள். இடறியவன் எழுந்து நடக்கலாம். முள் தைத்தவன் நிற்கவும் மாட்டான்.

இதனை நாம் நூலிலிருந்து மட்டும் கற்கவில்லை என்பதைச் சொல்லும் இடம் இது. எம் கணவரும் புகைத்தவரே. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்த காலத்தில் விட்டார். இரண்டு ஆண்டுகள் தொடவில்லை. ஒரு துக்க வீட்டுக்குச் சென்று திரும்பிய மறுநாள், துவைக்க எடுத்த சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்தது. பிள்ளைகள் முன்னிலையிலேயே, “சொல் தவறியவருக்கு மானம் எதற்கு?” என்று கேட்டோம். அவர் விடை கூறவில்லை. அதன்பின் எம் வீட்டில் தீப்பெட்டி சமையற்கட்டில் மட்டுமே இருந்தது. எம் கண்டிப்பால் அவர் திருந்தினார் என்று பல ஆண்டுகள் பெருமை கொண்டிருந்தோம். நெஞ்சுநோயால் அவர் மறைந்த பதினாறாம் நாளுக்குப் பின், தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். ஐயா பெயரில் சிறு பாக்கி இருப்பதாகவும், தாம் அதனைக் கேட்க வரவில்லை என்றும், கணக்கை முடித்துவிட்டதைச் சொல்லவே வந்ததாகவும் கூறினார். பற்றுநோட்டைக் காட்டச் சொன்னோம். மாதம் தவறாமல் பீடிக் கட்டும் தீப்பெட்டியும் எழுதப்பட்டிருந்தன. பத்தொன்பது ஆண்டுகள்.

மருத்துவரிடம் அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் எமக்குத் தெரியவரும். மீண்டும் விட முயன்றிருக்கலாம். முயல்வதானால் விடவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எம் ஒரு கேள்வி அவ்விரு வழிகளையும் அடைத்துவிட்டது. ஒருநாள் அதிசாரத்தை நாம் பத்தொன்பது ஆண்டு மாயையாக மாற்றினோம். அவர் பிழை அவருடையதே. ஆனால் முள்ளைத் தைத்த கை எம்முடையது. வகுப்பில் ஒரு பிள்ளை பெருக்கலில் தவறினால் நோட்டைக் கிழித்தெறிதல் ஆகாது, தவறிய படியைக் காட்டி அங்கிருந்து மீண்டும் போடச் செய்க என்று ஆசிரியப் பயிற்சியில் கற்று, முப்பதாண்டுகளுக்கு மேல் அவ்வாறே செய்தோம். வீட்டில் மட்டும் நோட்டைக் கிழித்தோம்.

நற்காட்சியின் எட்டு அங்கங்களை நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வர். அவற்றுள் உபகூகனம் என்பது பிறர் குறையைப் பறைசாற்றாமல் காத்தல். ஸ்திதிகரணம் என்பது வழுவுபவரை மீண்டும் நிலைநிறுத்தல். பின்னதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுபவர் வாரிஷேணர். அவருடன் துறவு பூண்ட நண்பர் புஷ்பதாலர் பன்னிரண்டு ஆண்டுகள் தவக்கோலத்தில் இருந்தும், விட்டு வந்த மனைவியையே நினைந்திருந்தார். வாரிஷேணர் அவரைச் சபையில் நிறுத்தி நாணச் செய்யவில்லை. தம் அரண்மனைக்கு அழைத்துச் சென்று, தாம் துறந்த அரசியரையும் செல்வத்தையும் காட்டி, வேண்டுமாயின் இவற்றை ஏற்றுக்கொள்க என்றார். நண்பர் தம் நிலையைத் தாமே கண்டார், உறுதி பெற்றார். நிலைநிறுத்துபவர் உடன் நடந்து செல்ல வேண்டும் என்பது இக்கதையின் பாடம் என்று கொள்கிறோம்.

இனி எதிர்ப்புறத்தையும் பார்த்தல் நீதி. இவ்வளவு இரக்கம் காட்டினால் விரதத்துக்கு மதிப்பு எங்கே, நாள்தோறும் பிழைத்து நாள்தோறும் பிரதிக்கிரமணம் செய்யலாமே என்று சிலர் கேட்பர். கேட்பது நியாயமே. இடறலை ஒப்புதல் வேறு. இடறலுக்கு நியாயம் கற்பித்தல் வேறு. இதனை விளக்க காந்தியடிகளின் வாழ்வைக் காட்டலாம். 1888இல் இங்கிலாந்து செல்லுமுன் பேச்சர்ஜி சுவாமி என்னும் ஜைனத் துறவியின் முன்னிலையில் மது, மாது, ஊன் தொடுவதில்லை என்று விரதம் பூண்டவர் அவர். சிறுவயதில் சிகரெட்டுத் துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்ததையும், அதற்காக வேலையாளின் காசைத் திருடியதையும் தம் வரலாற்றில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1912இல் டால்ஸ்டாய் பண்ணையில் பாலை விடுவதென உறுதி பூண்டார். கேடா மாவட்டப் பணியின்போது 1918இல் கடும் வயிற்றுக்கடுப்பால் நலிந்து, பின்னர் ஆட்டுப்பால் அருந்த இசைந்தார். விரதம் எடுக்கும்போது பசுவும் எருமையுமே தம் மனத்தில் இருந்தன என்பது அவர்க்குக் கிடைத்த சமாதானம். உயிர் பிழைத்தார். ஆனால், சொல்லைக் காத்துப் பொருளை இழந்தோம் என்னும் வருத்தத்தைத் தம் வரலாற்றில் வெளிப்படையாக எழுதினார். சமாதானம் கையில் இருந்தும் அதனை அவர் நம்பவில்லை. இடறியவனுக்கு நாம் காட்டும் இரக்கம், அவன் தனக்குத்தானே கூறிக்கொள்ளும் சமாதானமாக மாறிவிடலாகாது. பிரதிக்கிரமணம் என்பதற்குத் திரும்பி வருதல் என்றே பொருள். திரும்பி வராமல் சொல்லை மட்டும் ஓதுவது பிரதிக்கிரமணம் ஆகாது.

ஆகவே, எம் மகனிடம் பிராயச்சித்தத்தின் படிகளைத்தான் கூறினோம். அவை துறவிகளுக்கு வகுக்கப்பட்டவை. எனினும் அவற்றின் வழி இல்லறத்தார்க்கும் பொருந்தும். ஆலோசனை முதலாவது: நம்பத்தகும் ஒருவரிடம் உள்ளதை உள்ளவாறு சொல்லுதல். அதனை அவன் செய்துவிட்டான். அடுத்து, எந்தக் கணத்தில் கால் வழுக்கிற்று என்று பின்னோக்கிப் பார்த்தல். பார்த்ததில், பீடி நீட்டப்பட்டபோது அன்று, இரவு உணவை விட்டுவிட்டுத் தேநீருக்குச் சென்றபோதே வழுக்கல் தொடங்கிற்று என்று கண்டான். விவேகம் என்பது பற்றுக்குரிய பொருளைப் பிரித்து விலக்குதல். மேசை அறையில் இருந்த தீப்பெட்டி சென்றது, தேநீர்க் கடையும் மாறிற்று. வியுத்சர்க்கம் என்பது உடற்பற்றை விட்டு நிற்றல். ஏக்கம் எழுந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களே உச்சத்தில் நிற்கும் என்கின்றனர் மருத்துவர். இருபத்தேழு மூச்சில் ஒன்பது முறை பஞ்ச நமஸ்காரம் சொல்லும் காயோத்சர்க்கம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்நேரத்தை அதனால் கடத்துக என்றோம். சேதம் என்பதற்குத் துறவியின் தீட்சைக் காலத்தில் சில நாள்களைக் குறைத்தல் என்று பொருள். குறைப்பரேயன்றி அழிப்பதில்லை என்பதைக் காண்க. தொண்ணூறு நாளும் வீண் என்று அவன் எண்ணியதற்கு இதுவே விடை.

விரதத்தின் காலத்தைப் பற்றியும் நூல் வழிகாட்டுகிறது. ஆயுள் அளவும் விடுதல் யமம். ஒரு நாள், ஒரு பக்கம், ஒரு திங்கள் எனக் காலவரை செய்து விடுதல் நியமம். நம் வீடுகளில் உணர்ச்சி மேலிட்ட பொழுதில் யமத்தையே எடுக்கச் சொல்கிறோம். எம் மகனுக்கு அன்று ஒரு நாள் நியமமே கொடுத்தோம். மறுநாள் மாலை வந்து மறுநாளைக்குக் கேட்டான்.

மருத்துவ உதவி பெறுதல் மனவுறுதிக்கு இழுக்கு என்று கருதுவோர் உளர். கால் முறிந்தவன் கோல் ஊன்றுவது இழுக்கன்று. நிக்கோட்டின் மெல்லுபசை முதலிய மருந்துகள், மருத்துவர் அறிவுரையுடன் பயன்படுத்தினால், விடுவோரின் வெற்றியைக் கூட்டுகின்றன. 2016இல் தொடங்கப்பட்ட தேசியப் புகையிலை விடுப்பு உதவித் தொலைபேசியின் எண் 1800112356, கட்டணம் இல்லை, புகையிலைப் பொருள்களின் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. பலகாலம் புகைத்தவரும் விட்டு ஓராண்டு நின்றால், புகைப்பதால் கூடிய இதயநோய் அபாயம் பாதியளவு குறைகிறது என்பதை முதியோரும் அறிதல் வேண்டும். எம் கணவர் அறுபது வயதில் விட்டிருந்தாலும் பயன் இருந்திருக்கும்.

எம் மகன் முற்றும் வென்றுவிட்டான் என்று எழுத இயலவில்லை. புரட்டாசியில் மற்றொரு முறை இடறினான். அன்று இரவு ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினான். சட்டையில் புகை நாற்றம் இருந்தது. “பெரியம்மா, ஒன்று” என்றான். உண்டாயா என்று கேட்டோம், இல்லை என்றான். இருந்த சோற்றில் மோர் ஊற்றிக் கொடுத்தோம். உண்டபின் மறுநாளைக்கு நியமம் கேட்டுப் பெற்றுச் சென்றான். முன்பு ஒன்று பத்தாவதற்கு ஒரு வாரம் போதியதாக இருந்தது. இம்முறை ஒன்று ஒன்றோடு நின்றது. நாம் கண்ட வேறுபாடு இவ்வளவே. இது சிறிது என்று நமக்குத் தோன்றவில்லை.

இடறியவன் விரதியா என்ற வினாவுக்கு எம் விடை இது: இடறியதை மறைக்காமல் திரும்பி வருபவன் விரதியே. மறைக்காமல் இருக்க அவனால் இயலுமா என்பது அவனை மட்டும் பொறுத்ததன்று. அவன் தட்டும் கதவுக்கு உள்ளே இருப்போரையும் பொறுத்தது. உங்கள் இல்லத்தில் புகையையோ, மதுவையோ, வேறு எதனையோ விட முயல்பவர் ஒருவர் இருக்கலாம். அவர் சட்டைப் பையில் ஒருநாள் தீப்பெட்டியைக் காண நேர்ந்தால், பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்து, குரலை உயர்த்தாமல், எப்போது இடறியது என்று மட்டும் கேளுங்கள். எமக்கு அந்த வாய்ப்பு ஒருமுறைதான் கிடைத்தது.